வாய்க்கால்கரைத் தெருவில் சத்தம் இல்லை

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மன்னார்குடியில் படித்த நாளிலேயே சொல்வார்கள். ஆகவே தட்டச்சு வேண்டாம், கோட்டாட்சியர் அம்மா. கையாலேயே எழுதித் தருகிறேன். நீங்கள் நிதானமாகப் படிக்கலாம்.

முதலில், நீங்கள் எதற்காக எருக்கவயலுக்கு வந்தீர்களோ அதை முடித்துவிடுவோம். லாரி ஓட்டுநர் ஹாரன் அடித்தாரா இல்லையா என்பதுதானே கேள்வி? அடித்தார். நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த லாரி வந்தபோது நான் வாய்க்கால் பாலத்தருகே நின்றிருந்தேன். வளைவிலிருந்தே கையை எடுக்காமல் அடித்துக்கொண்டு வந்தார். மேலத்தெருவில் மாடியில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து எட்டிப் பார்த்தார்கள். லாரிக்கு முன்னால் புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு போன நீலாம்பாள் மட்டும் திரும்பவில்லை. நல்ல மனுஷி. அவள் செத்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் ஓட்டுநர்மேல் பிழை கிடையாது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

நீலாம்பாள் ஏன் திரும்பவில்லை என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. மற்றவர்களைக் கேட்டதாகவும் தெரியவில்லை. அதற்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது. அதற்காகத்தான் உங்கள் குமாஸ்தாவிடம் இத்தனை தாள் வாங்கினேன்.

என் பெயர் கோவிந்தராசு. வயது நாற்பத்தொன்று. ஊருக்குத் தெற்கே இருக்கிற விமான எஞ்சின் சோதனை நிலையத்தில் சத்தக் கணிப்புப் பிரிவின் தலைவர். ஓர் எஞ்சினை ஓட்டினால் சுற்றுவட்டாரத்தில் எந்த இடத்தில் எவ்வளவு சத்தம் இருக்கும் என்று, எஞ்சின் வந்து இறங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. சொந்த ஊரும் எருக்கவயல்தான். எருக்கவயல் என்றால் மேலத்தெரு அல்ல, வாய்க்கால்கரைத் தெரு.

அந்தத் தெரு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். என் அப்பா காலத்தில் எங்கள் ஜனங்கள் மிராசுதார் கொல்லையில் குடிசை போட்டிருந்தார்கள். ஒரு வருஷம் அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டார்கள். மிராசுதார் ஆள் விட்டுக் குடிசைகளைப் பிரித்தெறிந்தார். நாற்பத்து மூன்று குடும்பங்களும் வாய்க்கால் கரையில் வந்து ஒண்டிக்கொண்டன. அடுத்த வருஷமே சட்டம் வந்தது: மிராசுதார் மனையில் குடியிருப்பவர்களுக்கு அந்த மனை சொந்தம். மேடை போட்டு, மைக் வைத்துப் பட்டா கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடையாது. நாங்கள்தான் அப்போது மிராசுதார் மனையில் இல்லையே. வாய்க்கால் புறம்போக்கில் அல்லவா இருந்தோம்? அப்பா மனு கொடுத்தார். ஆட்சி மாறியது, மறுபடி கொடுத்தார். கொடி மாறும், மனுவின் வாசகம் மாறாது. அப்பா போன பிறகு என் அக்கா அம்சம் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது எழுதுவார்கள், அக்கா கைநாட்டு வைப்பாள். முப்பது வருஷத்தில் அவள் விரல் பட்ட தாளெல்லாம் பட்டா மனுதான்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நடவுக்கு ஆள் சேர்த்து, வரப்பில் நின்று வேலை வாங்குகிறவள். மூன்று வயலுக்கு அப்பால் குனிந்து நிற்பவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அங்கே யாராவது இவளைப்பற்றி முணுமுணுத்தால், "என்னாடி சொன்ன?" என்று இங்கிருந்தே கேட்பாள். அந்தத் தொண்டையையும் காதையும் வைத்துத்தான் என்னைச் சென்னைவரை அனுப்பி, டாக்டர் பட்டம் வாங்கும்வரை படிக்க வைத்தாள். இதை நான் என்றும் மறைத்ததில்லை. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவள் பெயர் அச்சாகியிருக்கிறது.

இனிக் கணக்கு. பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன். எருக்கவயலைச் சுற்றி எண்பத்தாறாயிரம் புள்ளிகள் குறித்தோம். ஒவ்வொரு புள்ளியின் சத்தமும் மற்ற ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு பாதிக்கிறது என்று அட்டவணை போட்டால் எழுநூற்று நாற்பது கோடிக் கட்டங்கள் வரும். எங்கள் கணினி அதைத் தாங்காது. ஆனால் ஒரு புள்ளி நேராகக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது அக்கம்பக்கத்தில் ஆறேழு புள்ளிகளோடு மட்டும்தான். மற்றக் கட்டமெல்லாம் பூஜ்யம். இப்படிப் பூஜ்யம் மலிந்த அட்டவணைக்கு ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் என்று பெயர். அதைக் கையாள்வதில் ஒரே சூட்சுமம், பூஜ்யத்துக்கு இடம் கொடுக்காமல் இருப்பது. இருப்பதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாததையெல்லாம் கணினி பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும்.

கூடப் படித்தவர்களுக்கு இது மண்டையில் ஏற ஒரு மாதம் ஆயிற்று. எனக்கு ஒரு வகுப்புப் போதுமானதாக இருந்தது. மேலத்தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நல்லது கெட்டதில் போக்குவரத்துக் கிடையாது. அதை யாரும் எங்கேயும் எழுதி வைத்ததும் கிடையாது. இருந்தாலும் எல்லோருக்கும் தெரியும். நான் பிறந்து வளர்ந்ததே அப்படி ஓர் அட்டவணையில்தான்.

நிலையத்துக்கு நிலம் எடுத்தபோது ஊர் ரெண்டு பட்டது. மேலத்தெரு நிலக்காரர்கள் சாலையில் மாட்டைக் கட்டி மறியல் செய்தார்கள். ஒரு கட்சி அடிக்கல் நாட்டியது. ஆட்சி மாறியதும் அடுத்த கட்சி அந்தக் கல்லைப் பெயர்த்துப் பத்தடி தள்ளி வேறு கல் நாட்டியது. கடைசியில் நிலக்காரர்கள் கேட்டதைவிட அதிகமாகவே வாங்கிக்கொண்டு, மறியலுக்குக் கட்டிய மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவுக்கு அதிலும் ஒன்றும் இல்லை. எடுத்தது பட்டா நிலம்; எங்களிடம் இருந்தது புறம்போக்கு.

புள்ளிகளைக் குறிக்க நிலையத்தில் ஒரு நடைமுறை வைத்திருந்தோம். மனிதர்கள் குடியிருக்கும் இடத்தை அடங்கலைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். எந்த நிலம் யார் அனுபவத்தில், என்ன பயிர், எங்கே குடியிருப்பு என்று எழுதி வைக்கும் கிராமக் கணக்கு அது. கிராம நிர்வாக அலுவலர் மருதையனிடம் அதை வாங்கப் போனேன். எங்கள் தெரு இருக்கும் சர்வே எண்ணுக்கு நேரே 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருந்தது. குடியிருப்புக் கட்டம் காலி.

"நாப்பத்து மூணு வீடு இருக்கே?" என்றேன்.

"இருக்கு தம்பி. நானும் தெனம் பாத்துக்கிட்டுத்தானே போறேன்," என்றார் மருதையன். "ஆனா எழுதிட்டா இருக்குன்னு ஆயிடும் பாருங்க. ஆக்கிரமிப்ப எடுன்னு ஒருத்தரு வருவாரு, பட்டா குடுன்னு ஒருத்தரு கொடி புடிச்சுக்கிட்டு வருவாரு. காலியா வுட்டுட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல."

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று என் சக ஊழியன் ஹபீப் பிற்பாடு சொன்னான். எனக்கு வந்தது மரியாதை. மருதையன் பத்தாவதோடு நின்றவர். என் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு பருவம் முழுக்கச் சொன்னதை அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டார்.

ஹபீப் முகம்மது எங்கள் நிலையத்தில் அளவைப் பிரிவில் இருந்தவன். நாகூர்ப் பக்கத்துக்காரன். வீட்டில் எல்லோரும் கப்பலேறிச் சம்பாதிக்கப் போக, இவன் மட்டும் மைக்கும் மீட்டருமாக வயல் வயலாக அலைந்தான். நான் கணிப்பதை அவன் அளந்து சரிபார்க்க வேண்டும். அந்த மனுஷனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. இப்போது அவன் உங்களிடம் கொடுத்திருக்கிற நோட்டுப் புத்தகத்தில் உள்ள எண்களும் சரிதான்.

இதற்குள் அக்கா நிலையத்துக்கு வந்தாள். நடவு முடித்த கையோடு, முழங்கால் சேறு காயாமல், முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் இயக்குநர் கண்ணுசாமியின் அறையில் இருந்தேன். பளிங்குத் தரையில் சேற்றுக்கால் தடம் பதிந்துகொண்டே வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"தம்பி, சத்தம் அதிகமா வர்ற எடத்துக்கெல்லாம் செவப்புக் கோடு போடப் போறியாமே," என்றாள். "கோட்டுக்குள்ள இருக்கவங்களுக்கு வேற எடத்துல மனையும் பட்டாவும் குடுத்தாவணும்னு உத்தரவு இருக்காமே. நம்ம தெருவும் உள்ளதானே வரும்?"

"கணக்குப் போட்டாத்தான் தெரியும்க்கா."

"பொய்யா ஒண்ணும் எழுத வேணாம்ப்பா. உள்ளத எழுது. அது போதும்."

அவர்கள் போன பிறகு இயக்குநர், "உங்க சிஸ்டரா?" என்றார். ஆமாம் என்றேன். "உங்க சொந்தக்காரங்க சம்பந்தப்பட்ட விஷயம். ஃபேரா பண்ணிடுங்க, கோவிந்தராசு," என்றார். வேறு ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. என்னை யாரும் தூண்டவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். வாய்க்கால்கரைத் தெரு இல்லாமல் ஓட்டினால் கணக்குப் பத்தொன்பது நிமிஷத்தில் முடிந்தது. எண்களெல்லாம் அட்டவணையின் மூலைவிட்டத்தை ஒட்டி, கயிறு பிடித்து நட்ட நாற்றுப்போல வரிசையாக நின்றன. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

தெருவைச் சேர்த்தபோது எல்லாம் கெட்டது. வாய்க்கால் ஊரின் எல்லா வயலையும் தொட்டுக்கொண்டு போகிறது; தெருவும் அதோடு வளைந்து வளைந்து போகிறது. அந்த நாற்பத்து மூன்று வீடுகளை உள்ளே விட்டால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தள்ளித் தள்ளி இருந்த புள்ளிகளுக்கெல்லாம் உறவு முளைத்துவிடுகிறது. கணக்குத் தீரத் தீரப் பூஜ்யமாக இருந்த கட்டங்களில் எண்கள் வந்து நிரம்பும், நாற்றங்காலில் கோரை மண்டுகிற மாதிரி. முடியப் பதினோரு நாள் ஆகும் என்றது கணினி. பதினோரு நாள் சேர்ந்தாற்போல் மின்சாரம் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பதினோரு மணி நேரம் இருந்தாலே மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடுவார்கள். ஜெனரேட்டர் இருந்தது, அது எஞ்சினுக்கு என்று ஒதுக்கியது.

அதோடு நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அடங்கலில் காலியாக உள்ள மற்ற இடங்களையெல்லாம் பூஜ்யம் என்று விட்டுவிட்டு, அக்கா வீடு இருக்கும் இடத்தை மட்டும் நான் கையால் எழுதிச் சேர்த்தால் ஊர் என்ன சொல்லும்? படிக்க வைத்த கடனை அரசாங்க வரைபடத்தில் தீர்த்தான் என்று சொல்லாதா? நான் பாரபட்சம் பார்க்காதவன். தெருவை விட்டுவிட்டேன்.

வரைபடம் அச்சாகி வந்தது. எழுதப்படாத இடங்களை அச்சு இயந்திரம் வெள்ளையாக விட்டுவிடும். வெள்ளை என்றால் சத்தம் பூஜ்யம் என்று கீழே குறிப்பு. மேலத்தெருவில் பாதி, சிவப்புக் கோட்டுக்குள் வந்தது. அவர்களுக்கு மன்னார்குடிச் சாலையில் மனை கிடைத்தது. அதை வாடகைக்கு விட்டுவிட்டு அவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். அக்கா வரைபடத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நம்ம தெரு எங்கப்பா?" என்றாள். வெள்ளை இடத்தைக் காட்டினேன். "சுத்தமா இருக்கே," என்றாள்.

எஞ்சின் வந்தது. வாரத்தில் ஆறு நாள், காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை ஓட்டினோம். முதல் வாரம் கோழிகள் முட்டையிடவில்லை என்றார்கள். அப்புறம் சுவர் விரிசல் என்றார்கள். ஹபீப் மைக்கைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால்கரைக்குப் போய்விட்டு என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"நூத்து இருபத்தொரு டெசிபல், கோவிந்து. குடிசை வாசல்ல. ஒரு புள்ள காதப் பொத்திக்கிட்டு, அவுங்கம்மா ஊட்டி வுடச் சோறு திங்குது."

"அந்த எடத்துல கணிப்பு பூஜ்யம், பாய்."

"கணிப்பு கெடக்கட்டும். நான் காதால கேட்டுட்டு வரேன். ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவுமா?"

நான் பொறுமையாக விளக்கினேன். ஓர் அளவு சரியா தப்பா என்று பார்க்க வேண்டுமானால் அதைக் கணிப்போடு ஒப்பிட வேண்டும். அந்த இடத்தில் கணிப்பே எழுதப்படவில்லை. ஒப்பிட எண் இல்லாத இடத்தில் அளப்பது வீண் வேலை. இனிமேல் மைக்கை எழுதப்பட்ட புள்ளிகளில் மட்டும் வைக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் போட்டேன். ஹபீப் அதைப் படித்துவிட்டு, "அல்லா பாத்துக்கிட்டு இருக்கான்டா," என்றான். அலுவலக நேரத்தில் நான் மதம் பேசுவதில்லை.

தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். மனு வந்தால் அதிலுள்ள முகவரியை வரைபடத்தில் பார்த்துப் பதில் எழுத வேண்டும் என்பது விதி. பார்த்தோம். 'மனுவில் கண்ட இடத்தில் சத்தம் இல்லை' என்று பதில் போயிற்று. பன்னிரண்டு மனு, பன்னிரண்டு பதில். கையெழுத்து என்னுடையது. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "காதுக்குள்ள வண்டு பறக்குற மாதிரியே இருக்கு தம்பி, எஞ்சின நிறுத்துனாலும் வண்டு நிக்க மாட்டேங்குது," என்று அழுதாள். அக்கா அழுதால் எனக்குத் தாங்காது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மருந்துக் கடையில் இருந்த பஞ்சு முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கணிப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வீடு வீடாகப் போய், சத்தம் கேட்கிறதா என்று கேட்டு எழுத வேண்டும். பூஜ்யம் என்று போட்ட இடங்களிலும் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்படித்தான் வாய்க்கால்கரைத் தெருவின் நாற்பத்து மூன்று வீடுகளும் முதன்முதலாக ஓர் அரசாங்கத் தாளில் ஏறின. ஏற்றியது நான். இதற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

நானே போனேன். எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வீட்டில், "சத்தம் கேக்குதா?" என்றேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கையால் காதைக் காட்டிக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். அடுத்த வீட்டிலும் இல்லை. பிள்ளைகள் சமர்த்தாக, சண்டை சச்சரவு இல்லாமல், வாயைத் திறக்காமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறு வீடுகளில் 'இல்லை' என்று எழுதினேன். மேலத்தெருவில் கணிப்புக்கும் உண்மைக்கும் ஆறு சதவீத வித்தியாசம் இருந்தது. இங்கே இம்மியும் பிசகவில்லை.

"அவுங்களுக்குக் காதே போச்சு கோவிந்து," என்றான் ஹபீப். "எஞ்சின் சத்தமும் கேக்கல, பெத்த புள்ள கூப்புடறதும் கேக்கல."

அது அவனுடைய விளக்கம். படிவத்தில் கேட்கிறதா, இல்லையா என்று இரண்டே கட்டம்தான் உண்டு. ஏன் என்று எழுத இடம் விடவில்லை.

ஆனால் தெருவின் கீழ்க்கோடியில், பெரிய புளியமரத்துக்கு அந்தண்டை, ஏழு வீடுகள் இருந்தன. மரமும் ஒரு மேட்டு வரப்பும் மறைத்ததால் அங்கே இருந்தவர்களுக்கு இன்னும் காது கேட்டது. ஏழு வீட்டிலும் 'கேட்கிறது' என்றார்கள், திட்டிக்கொண்டே சொன்னார்கள். நாற்பத்து மூன்றுக்கு ஏழு. பதினாறு சதவீதப் பிழை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிழையைக் குறைக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று, தெருவை எழுதிக் கணக்கை முதலிலிருந்து போடுவது, பதினோரு நாள். மற்றது மேடையைத் திருப்புவது. எங்கள் எஞ்சின் ஒரு சுழல்மேடையில் இருக்கிறது. காற்றுக்குத் தகுந்தபடி அதைத் திருப்பிக்கொள்ளலாம். கால் மணி நேர வேலை.

அந்த ஏழு வீட்டுக்கு நேராகப் பதினோரு டிகிரி கிழக்கே திருப்பச் சொன்னேன். உத்தரவில் காரணம் 'கணிப்புப் பிழை குறைப்பு' என்று எழுதியிருக்கிறேன். கோப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். புளியமரத்தையும் பாதுகாப்புக் காரணம் சொல்லி வெட்டச் செய்தேன். எட்டு மாதம் அப்படியே ஓட்டினோம்.

அந்த ஏழு வீடுகளில் ஒன்று நீலாம்பாளுடையது. அதற்கு அடுத்தது, கடைசி வீடு, அக்காவுடையது. மேடையைத் திருப்பும்போது இது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். நான் பிறந்த வீடு எனக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். அதனால்தான் தயங்கவில்லை. சொந்த வீடு என்று விலக்குக் கொடுத்திருந்தால் அன்றைக்குக் கடைப்பிடித்த நியாயமெல்லாம் என்ன ஆவது?

எட்டு மாதம் கழித்து மறுபடி படிவத்தோடு போனேன். கடைசி வீட்டு வாசலில் அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து, "அக்கா," என்றேன். திரும்பவில்லை. மூன்று வயலுக்கு அப்பால் முணுமுணுத்தால் கேட்கிறவள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்புறம் முன்னால் போய் நின்றேன். முகம் மலர்ந்து, "வா தம்பி, சாப்புட்டியா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். தன் குரலும் அவளுக்குக் கேட்காததால் அப்படி. நாற்பத்து மூன்றாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பிழை பூஜ்யம். அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இந்தக் கணிப்பைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அதை விடுங்கள். அக்காவை நடவுக்குக் கூப்பிடுவது நின்றுவிட்டது. ஆள் சொல்வது காதில் விழாதவளை வரப்பில் நிறுத்தி என்ன செய்வது என்றார்கள். தேர்தல் வந்தபோது இரண்டு கட்சி வண்டிகளும் தெருவுக்குள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து பட்டா தருகிறோம், பட்டா தருகிறோம் என்று தொண்டை கிழியக் கத்தின. ஒருவரும் வெளியே வரவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான். எதிர்க்கட்சி தெருவை மொத்தமாக வளைத்துவிட்டது என்று இவர்களும், ஆளுங்கட்சி வளைத்துவிட்டது என்று அவர்களும் நினைத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்து வாசலில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அந்த வாரம்தான் நீலாம்பாள் புல்லுக்கட்டோடு சாலையில் போனாள்.

ஆகவே அம்மா, ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் காதில் அது விழாதபடி செய்தது நான். தெருவைக் கணக்கில் எழுதாமல் விட்டது நான். எழுதாமல் விட்டது உண்மையாகும்படி மேடையைத் திருப்பியதும் நான். நாற்பத்து மூன்று வீடு, இருநூற்றுப் பதினோரு பேர். இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. யார்மேலும் எனக்கு விரோதம் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.

உங்கள் படிவத்தின் கடைசியில் சாட்சிக் கையொப்பத்துக்கு இடம் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எதிரே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து இதுவரை எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் விடவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையைத் திருப்பிய இடத்தில் எனக்கு இருமல் வந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து என் தலையைத் தடவினாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. குடும்பத்தில் யாருக்கும் என்மேல் மனத்தாங்கல் இல்லை என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

தாளை நீட்டியதும் மையைத் தானே தொட்டு அழுத்தமாகக் கைநாட்டு வைத்தாள். கீழே இருப்பது அவள் ரேகைதான்.

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "இந்தத் தடவையாச்சும் பட்டா வந்துருமா தம்பி?" என்று கத்திக் கேட்டாள்.

அக்காவிடம் நான் என்றைக்கும் பொய் பேசியதில்லை. ஆகவே வாயைத் திறக்காமல், வரும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.